ஒரு சாண் உயரத்தில் பதித்த குழாய்: காய்ச்சல் ஏன் கீழத்தெருவுக்கே வருகிறது?

கோரையாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டம், கோரையாற்றுப் பாசனத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை முதல் வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால்தான் களையெடுக்கப் போய் வந்திருந்தார். மழைக்காலக் காய்ச்சல்தானே என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் கெண்டைக்காலைத் தொடவே விடவில்லை, அப்படி ஒரு வலி. கண் இரண்டும் சிவந்துவிட்டன, ஆனால் பீளை கட்டவில்லை. நான்காம் நாள் சிறுநீர் மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி போனதும் பயந்துபோய் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எலிக்காய்ச்சல் என்றார்கள். ஒன்பது நாள் வார்டில் இருந்தோம். பிழைத்து வந்துவிட்டார், இப்போது கஞ்சி குடித்துத் தேறி வருகிறார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெருவில் விசாரித்தேன். எதிர் வீட்டில் ஒருவருக்கு இதே காய்ச்சல். அதற்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பையனுக்கு டெங்கு. கோடி வீட்டில் பாட்டிக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. எல்லாம் கீழத்தெரு. மேலத்தெருவுக்குப் போய்க் கேட்டால் இரண்டு பேருக்குச் சளி, அவ்வளவுதான். ஒரே ஆரம்ப சுகாதார நிலையம், ஒரே மேல்நிலைத் தொட்டித் தண்ணீர், ஒரே ரேஷன் அரிசி. அப்புறம் என்ன வித்தியாசம்?

போன ஞாயிற்றுக்கிழமை தெருவின் தாழ்ந்த கோடியில் போய் நின்று பார்த்தேன். நான்கு வருடம் முன்பு தார்ச்சாலையை உயர்த்திப் போட்டபோது, தெருத் தண்ணீர் வடிகாலுக்குப் போக ஒரு சிமெண்ட் குழாய் பதித்தார்கள். அந்தக் குழாயின் அடிமட்டம் எங்கள் தெரு மண்ணைவிட ஒரு சாண் மேலே இருக்கிறது. கையை வைத்தே அளந்தேன். அதாவது ஒரு சாண் தண்ணீர் தெருவில் நின்ற பிறகுதான் மேலே வருகிற தண்ணீர் வெளியே போகும். அந்த ஒரு சாண் ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் நிற்கிறது. கோழி எச்சம், மாட்டு மூத்திரம், எலி மூத்திரம், நிரம்பி வழிகிற செப்டிக் டேங்க் எல்லாம் அதிலேதான். பிள்ளைகள் அதில் நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

என் அம்மா நோயில் விழுந்ததற்குக் காரணம் அந்தக் குழாய் என்று நான் நினைக்கிறேன். தவறாக நினைக்கிறேனா? உங்கள் ஊர்களில் எப்படி?

வரப்பு வயல்

தம்பி, அம்மா தேறி வந்தது பெரிய சந்தோஷம். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் குழாய் மேலே போட்டுவிட முடியாது. எங்கள் பக்கமும் பார்க்கிறேன், வெறுங்காலோடு போகிறார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னால் கேட்பதில்லை, காய்ச்சல் வந்தால் ஐந்து நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பழக்கம் மாறாமல் குழாயை மட்டும் மாற்றி என்ன செய்வது? கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொல்கிறேன்.

நடவுக்காரி மகள்

வரப்பு வயல் அண்ணே, நீங்கள் சொல்கிற மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். எங்கள் அம்மா நாற்பது வருடம் நடவு நட்டவர்.

நடவு வயலில் செருப்போடு இறங்கிப் பாருங்கள். இரண்டாவது எட்டிலேயே சேறு பிடுங்கிக்கொள்ளும். பூட்ஸ் போட்டால் காலைத் தூக்கவே முடியாது, நட்ட நாற்றையும் மிதித்துவிடுவோம். அதனால் வெறுங்கால்தான். காலையில் இறங்கினால் மதியம் வரை தண்ணீரில் ஊறி, விரலிடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெந்துபோயிருக்கும். சேற்றுப்புண். ராத்திரி அம்மா மருதாணியும் மஞ்சளும் அரைத்து இடுக்கில் வைத்துத் துணி சுற்றிப் படுப்பார். பிரிக்கும்போது தோலோடு வரும். மறுநாள் அதே காலோடு அதே தண்ணீர். கூலியை விட்டால் அடுத்த நாள் அடுப்பு எரியாது.

தண்ணீர் காய்ச்சுவதற்குக் கேஸ் வேண்டும். அதுவும் போகட்டும். வயலில் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனாலும் அம்மா குடிக்க மாட்டார். ஏன் தெரியுமா? குடித்தால் ஒதுங்க இடம் கிடையாது. சுற்றி வெட்ட வெளி, ஆண்கள் நாற்றுமுடி தூக்கிக்கொண்டு போய்வருகிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்துதான் முதல் சொம்புத் தண்ணீர். வருடத்துக்கு இரண்டு முறையாவது நீர்க்கடுப்பு வந்து சுருண்டு படுப்பார். இதற்குப் பெயர் பழக்கமா அண்ணே?

ஐந்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போவதும் அப்படித்தான். ஒரு நாள் போனால் நோயாளி கூலியும் போகும், துணைக்கு வருகிறவர் கூலியும் போகும்.

மன்னை டாக்டர்

கோரையாற்றங்கரை, நீங்கள் தவறாக நினைக்கவில்லை.

எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. சிறுநீரோடு வெளியே வந்தால் ஈரத்திலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். மனிதருக்குள் நுழைய அதற்கு ஒரு சின்னக் கீறல் போதும், தண்ணீரில் ஊறி மெலிந்த தோலும் போதும். மேலே தங்கை எழுதிய சேற்றுப்புண்தான் வாசல். நுழைந்ததிலிருந்து பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல் வரும். களையெடுத்துப் பத்து நாளில் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், கணக்கு சரியாக இருக்கிறது. வயலில் வந்ததா தெருவில் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு இடத்திலும் அவர் காலுக்கு ஒரே தண்ணீர்தான் வாய்த்திருக்கிறது.

ஆரம்பத்திலேயே வந்தால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையிலேயே பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். சேற்றிலோ தேங்கிய தண்ணீரிலோ இறங்கியவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் மெடிக்கலில் நிற்காதீர்கள். டாக்டரிடம் "வயலில் இறங்கினேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். கேட்க மறந்துவிடுவோம். நானே மறந்திருக்கிறேன், அது இன்னும் உறுத்துகிறது.

படிக்கும் காலத்தில் எனக்குள் தங்கிப்போன ஒருவர் ருடால்ஃப் விர்கோ என்ற ஜெர்மன் டாக்டர். 1848-ல் மேல் சைலீசியாவில் (இன்றைக்குப் பெரும்பகுதி போலந்தில் இருக்கிறது) டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது பிரஷ்ய அரசு அவரைப் பார்த்து வரச் சொல்லி அனுப்பியது. அவருக்கு அப்போது 26 வயது. திரும்பி வந்து அவர் எழுதிய அறிக்கையில் கேட்டதெல்லாம் பள்ளிக்கூடம், சாலை, ஏழைகள் தலையிலிருந்து இறக்கிய வரி, மக்கள் பேசுகிற போலிஷ் மொழியில் நிர்வாகம், அவர்களுக்கே சுயாட்சி. காய்ச்சலைப் பார்க்கப் போன டாக்டர் வரியைப் பற்றி எழுதினார். இங்கே ஒருவர் குழாய் மட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது.

குடந்தைவாசி

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவன். யானைக்கால் நோய்க்குப் பெயர்போன ஊர் எங்களுடையது. ஊர்ப்பெயரைச் சொல்லியே அந்தக் காலைக் கேலி செய்வார்கள். எங்கள் அத்தை ஒருவர் ஐம்பது வருடம் புடவையைத் தரையில் புரள விட்டுத்தான் நடந்தார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகமாட்டார்.

சின்ன வயதில் ராத்திரி எட்டு மணிக்குமேல் சுகாதார ஆட்கள் வந்து கதவைத் தட்டி விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் அழுவோம். ஏன் பகலில் வரக்கூடாது என்று கோபமாக இருக்கும். அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் மேல் ரத்தத்துக்கு வரும் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அதைப் பரப்புகிற கியூலெக்ஸ் கொசு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் முட்டையிடும். நல்ல தண்ணீர் அதற்குத் தேவையில்லை. டெங்குக் கொசு நேர் எதிர், தொட்டியிலும் டிரம்மிலும் சேர்த்து வைத்த நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு கொல்லையில் திறந்த குழி. ஆயிரம் வருஷத்துக் கோயில், மகாமகக் குளம், காவேரி, அரசலாறு, அதற்கு நடுவில் திறந்த சாக்கடை.

2004 முதல் நாடு முழுக்க இந்த நோய் உள்ள மாவட்டங்களில் வருடத்துக்கு ஒருமுறை டி.இ.சி. என்ற புழுக்கொல்லி மாத்திரை கொடுத்தார்கள். தலைசுற்றும் என்று பயந்து வாங்கிச் சாக்கடையில் போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. மாத்திரை பெரிய வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் ஒரு கொசுவலைத் துணியைக் கட்டச் சொல்லி எவ்வளவு நாளாகச் சொல்லி வருகிறேன்! ஒரு முழம் வலை, ஒரு துண்டுச் சணல், அவ்வளவுதான். இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே கட்டிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்

குடந்தை ஐயா டிரம்மைப் பற்றிச் சொன்னதும் எழுதத் தோன்றியது. 31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். டெங்குக் காலத்தில் வீடு வீடாகப் போய் டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்லுவோம். ஒருநாள் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. "அம்மா, குழாயில் மூணு நாளைக்கு ஒருதரம்தான் தண்ணி வருது. இதைக் கொட்டிட்டா நாளைக்கு என் பிள்ளைக்கு என்ன கொடுப்பேன்?" நான் கொட்டவில்லை. என் துணி எடுத்து டிரம்மின் வாயைக் கட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் ஆஸ்பத்திரியில் நடந்திருக்கிறது. எங்கள் தலைமுறை நர்ஸுகள் சைக்கிளில் அலைந்த அலைச்சலுக்குக் கிடைத்த பலன் அது, நெஞ்சு நிறைகிறது. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆஸ்பத்திரி வரைக்கும் பெண்ணைக் கொண்டுவந்துவிட்டோம். அவள் தட்டுக்குள் நம்மால் போக முடியவில்லை.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவேன். அடுத்த மாதம் போனால் மாத்திரை அப்படியே சாமி மாடத்தில் இருக்கும். சாப்பிட்டவர்களும் டீயோடு போட்டிருப்பார்கள். டீயோடு போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். ஆனால் காலை ஆறு மணிக்கு நடவுக்குப் போகிற பெண்ணுக்கு அந்த டீதான் சாப்பாடே. மதியம் மீனோ முட்டையோ இருந்தால் முதலில் புருஷனுக்கு, அப்புறம் பையனுக்கு, அப்புறம் மாமியாருக்கு. இவளுக்குக் குழம்பின் அடி. வெறுங்காலில் நடந்து கொக்கிப்புழு ஏறினால் இருக்கிற ரத்தமும் போச்சு.

நடவுக்காரி மகளே, உன் அம்மாவுக்கு ரத்தம் பார்த்தாயா? பார்த்துவிடு கண்ணு.

நடவுக்காரி மகள்

பார்த்தேன்மா. ஹீமோகுளோபின் 8.2தான். பொங்கலுக்குப் பிறகு மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வேதை உப்பளம்

நீங்கள் எல்லாம் தண்ணீர் நிற்கிறது என்கிறீர்கள். எங்களுக்குத் தண்ணீரே வேறு கதை. வேதாரண்யம் பக்கம், கடைமடைக்கும் கடைசி. சின்ன வயதில் மணலில் ஊற்று தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்புவோம், இனிப்பாக இருக்கும். தொண்ணூறுகளில் நாகை மாவட்டக் கரையோரம் இறால் பண்ணைகள் வந்தன. குட்டையில் தேக்கிய உப்புத் தண்ணீர் கீழே இறங்கி எத்தனையோ ஊர்க் கிணறுகள் கரித்துப்போயின. காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது, கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொல்லி. தீர்ப்பால் கரித்த கிணறு இனித்துவிடவில்லை. இப்போது எங்களுக்குக் குடிதண்ணீர் எங்கேயோ இருக்கிற கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்தபோது கரண்ட் போய்விட்டது, மோட்டார் ஓடவில்லை. லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு நின்றோம்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர் காலைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அது தனி இழையே போடலாம்.

பழைய வாத்தியார்

கோரையாற்றங்கரை கேட்ட கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. கீழத்தெரு ஏன் பள்ளத்தில் இருக்கிறது?

டெல்டாவில் எந்தப் பழைய ஊருக்குப் போனாலும் பாருங்கள், கோயிலும் பெரிய வீடுகளும் மேட்டில். பண்ணையாட்கள் குடியிருப்பு வயல் ஓரத்துத் தாழ்விடத்தில். வேலை போனால் குடிசையும் போகும் என்றிருந்த காலம் அது. 1952-ல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968-ல் கூலிப் போராட்டக் காலத்தில் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள், பெண்களும் குழந்தைகளுமே அதிகம். 1971-ல் குடியிருப்பு மனையை அதில் இருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தால் தலை நிமிர்ந்தவர்களை என் கண்ணால் பார்த்தேன், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் எந்த இடத்தில் இருந்தார்களோ அந்த இடம்தான் பட்டாவானது. பள்ளமும் சேர்ந்தே பட்டாவானது. அதற்குமேல் சாலையை உயர்த்திக்கொண்டே போனோம், தெரு இன்னும் தாழ்ந்தது.

சாதி ஒருவரின் காய்ச்சலுக்குள் எப்படிப் போகும் என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். தண்ணீர் ஓடுகிற பக்கம் பார் என்றேன்.

வரப்பு வயல்

எல்லாவற்றையும் படித்தேன். நடவுக்காரி மகள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். என் வயலிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நடுகிறார்கள். அவர்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் யோசித்ததில்லை. பம்புசெட்டு அறைக்குப் பின்னால் தகரம் அடித்து ஒரு கழிப்பறை கட்ட முடியும். அடுத்த நடவுக்குள் கட்டுகிறேன். பழக்கம் என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் குழாய் விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒரு குழாய் இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் என் வயல். குழாயை இறக்கினால் தெருத் தண்ணீர் நேராக என் சம்பாவில் பாயும். கார்த்திகையில் கதிர் வரும் பருவத்தில் ஒரு வாரம் முழுகினால் போச்சு, வாங்கிய கடன் அப்படியே நிற்கும். அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் குழாய் மேலே இருந்தால் பேசாமல் இருந்துவிடுகிறோம். உண்மையைச் சொல்கிறேன்.

எலிக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். மருந்து வைப்பதை விட்டுவிட்டுத் தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள். மூங்கில் வில், நடுவில் இரை, அந்தியில் வைத்து விடியலில் எடுப்பது. கிட்டிக்காரர்கள் எலிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள். தெருவுக்கும் வயலுக்கும் சேர்த்து ஊரே வைத்தால்தான் பயன், ஒரு வயலில் வைத்தால் எலி அடுத்த வயலுக்குப் போகும்.

மன்னை டாக்டர்

கிட்டி எடுப்பவர்கள் கையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். செத்த எலியைக் குழி தோண்டிப் புதைக்கவேண்டும், வாய்க்காலில் வீசக்கூடாது.

கோரையாற்றங்கரை

வரப்பு வயல் அண்ணே, நீங்கள் மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. எங்கள் ஊரில் குழாய்க்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர் எனக்கு மாமா முறை. நான்கு வருடமாக இதைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. நேற்று போய்ப் பேசினேன். அவரும் நீங்கள் சொன்னதையேதான் சொன்னார்.

பிறகு இருவருமாக வடிகாலோடு நடந்து போனோம். குழாயிலிருந்து வடிவாய்க்கால் ஆற்றில் சேருகிற இடம் வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். பாதி தூரம் தரையே தெரியவில்லை, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரம், அதற்குள் ஆகாயத்தாமரை. ஒரு இடத்தில் பழைய மதகுப் பலகை பாதி மூடியபடி துருப்பிடித்து நிற்கிறது. அதைத் திறந்து, வாய்க்காலைத் தூர்வாரினால் தண்ணீர் அவர் வயலில் ஏறாமலே ஆற்றுக்குப் போய்விடும் என்று மாமாவே சொன்னார். குழாயை மட்டும் இறக்கக் கேட்டிருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

ஜனவரி 26 கிராம சபைக்கு இருவர் பெயரிலும் மனு எழுதுகிறோம். முதலில் தூர்வாருவது, அப்புறம் மதகு, மூன்றாவதாகக் குழாய். வெறும் வாய்வார்த்தையாகப் போனால் எடுபடாது என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலை கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற குழாயை வைத்துத் தெரு மட்டம், குழாய் மட்டம், மதகு மட்டம் மூன்றையும் அளந்து எழுதப்போகிறோம்.

வாத்தியார் ஐயா, மனுவை நீங்கள் ஒருமுறை பார்த்துத் தருவீர்களா? நர்ஸம்மா, காய்ச்சல் வந்த வீடுகளைத் தெருப் படத்தில் குறிக்கலாமா, அப்படிக் குறித்தால் அந்த வீட்டார் வருத்தப்படுவார்களா?

ஓய்வுபெற்ற நர்ஸ்

வீட்டுப் பெயர், ஆள் பெயர் எழுதாதே தம்பி. வீட்டுக்கு ஒரு புள்ளி வை, அதுவும் அவர்களிடம் கேட்டுவிட்டு. காய்ச்சல் எந்த வாரம் வந்தது, அப்போது தெருவில் தண்ணீர் நின்றதா, இந்த இரண்டையும் மட்டும் பக்கத்தில் எழுது. கோடி வீட்டுப் பாட்டிக்கு வயிற்றுப்போக்கு நின்றதா? உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் போய்ப் பார். இல்லையென்றால் அங்கன்வாடியில் கேள், கொடுப்பார்கள்.

கோரையாற்றங்கரை

பாட்டிக்கு நின்றுவிட்டது அம்மா. பொட்டலம் இரண்டு இருக்கிறது, இன்னும் நான்கு வாங்கி வைக்கிறேன். ஞாயிறு ஏழு மணிக்கு மட்டம் பார்க்க ஆரம்பிக்கிறோம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து யாராவது வர முடிந்தால் ஒரு முப்பது அடி டேப் எடுத்து வாருங்கள், எங்களிடம் இருப்பது அறுந்துபோய்விட்டது.

வரப்பு வயல்

என்னிடம் நூறு அடி டேப் இருக்கிறது. ஆறரைக்கே வந்துவிடுகிறேன் தம்பி, பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள்.